கலசத்தின் அடியில் வெள்ளைச் சேறு

அட்சய வருடம், மாசி 2, ஞாயிறு

காலையில் தூறல். கிணறு கலங்கல். குடத்துக்குள் தேத்தாங்கொட்டை உரசி நீர் ஊற்றி வைத்தேன், மத்தியானத்துக்குள் தெளிந்தது. இவருடைய லம்பத்துக் கால்சட்டை இரண்டு துவைத்தேன். லம்பத்தில் மலையைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி உடைத்து ஈயம் எடுக்கிற வேலை. வெள்ளைச் சேறு நூலுக்குள் புகுந்துவிடும். சவுக்காரம் அரைக் கட்டி போயிற்று.

மாசி மகத்துக்குக் கடலாட வரச் சொல்லி ராசம்மா ஆள் அனுப்பியிருக்கிறாள். ஆற்றுவாய்க் கரையில் என் தங்கை வீடு. இவருக்கு லீவு இல்லை. பக்கத்து வீட்டு அஞ்சலையோடு போக வேண்டும்.

எடுக்க: கற்பூரம், கலசம், ராசம்மாவுக்குத் தேத்தாங்கொட்டை.

மாசி 5, புதன். மகம்

நல்ல வெயில். கடலில் முழங்கால் வரை சேறு. முழுகி எழுந்தால் உடம்பெல்லாம் வெள்ளை. அஞ்சலை: "கடலம்மாவே விபூதி பூசி அனுப்புறாங்க லா!" கரையெல்லாம் சிரிப்பு. ராசம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் புருஷன் முத்தையா சேற்றுத் திட்டில் சிப்பி அள்ளிப் பிழைப்பவர். கூடையைக் காட்டினார். எல்லாம் வாய் பிளந்தவை. உள்ளே சதை இல்லை, சேறு. "ஆறு மேலேருந்து மண்ணு கொண்டாந்து மூடுதுக்கா. மூச்சு முட்டிச் சாவுது. படகும் தரை தட்டுது."

கொட்டையைக் கொடுத்தேன். ராசம்மா: "குடத்துக்கு ஒரசலாம். கடலுக்கு எங்கக்கா ஒரசுறது?"

விரதம், அதனால் மீன் இல்லை என்றாள். விரதம் முடிந்து நாளைக்கும் இருக்காது, எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது முத்தையா தனியாக வந்து: "அண்ணங்கிட்ட சொல்லி லம்பத்துல ஒரு வேலை பாருங்கக்கா. கடலை விட்டுர்றேன்." சொல்கிறேன் என்றேன்.

மாசி 6, வியாழன்

பூசைக்கு வைத்த கடல் தீர்த்தம். கலசத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. விரலால் தொட்டேன். அதே வழவழப்பு. தினமும் துவைக்கிறேன், எனக்குத் தெரியாதா? இவர் காலில் ஒட்டி வீட்டுக்கு வருகிற சேறு.

இவரிடம் காட்டினேன். "அவ்வளவு தூரமா போயிருக்கு?" சோறு பாதியிலேயே எழுந்துவிட்டார்.

கை கழுவிவிட்டுச் சொன்னார்: "மலையை உடைக்கிற குழாய் பிடிக்கத்தான் ஆள் தேடுறாங்க. வேற வேலை இல்ல. வரச் சொல்லு."

முருகா.

மாசி 16, ஞாயிறு

மழை. ராசம்மாவும் முத்தையாவும் மூட்டையோடு வந்துவிட்டார்கள். ரசம், அப்பளம். முத்தையா வாசல் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இந்தத் தண்ணி எங்க கரைக்குத்தானே போவுது?" இவர், "சாப்பிடுங்க தம்பி" என்றார்.

மாசி 17, திங்கள்

முத்தையாவுக்கு முதல் நாள். இடுப்பு வரை வெள்ளையாக வந்தார். ராசம்மா துவைத்தாள். வாளியை வாய்க்காலில் கவிழ்க்கப் போனவள் நின்றாள். கொல்லைக்குத் தூக்கிப் போய் வாழைக்கு ஊற்றினாள்.

"இது ஒண்ணாவது அங்க போவாம இருக்கட்டும்க்கா."

என் வாளியையும் அவளே வாங்கிக்கொண்டு போனாள்.