இரண்டு கட்டில் உள்ள கூடாரம்

சூளகிரி
8 ஜூன் 2025

அன்புள்ள குருமூர்த்திக்கு,

நான் சுகம். நீயும் லட்சுமியம்மாவும் அப்படியே இருப்பீர்கள். மாங்காய் பறிப்பு முடிந்ததா?

போனில் பேசியிருக்கலாமே என்பாய். நீ கத்துவது நாகரசம்பட்டி முழுக்கக் கேட்கும், எனக்கு மட்டும் கேட்காது. இருபத்தெட்டு வருஷம் நம் கம்பெனி பிரஸ் ஷாப்பில் தகடு அடித்த சத்தம் தின்றது போக மிச்சமுள்ள காதில் மாட்டிய மெஷினும் விசில்தான் அடிக்கிறது. அதனால் காகிதம்.

விஷயம் இதுதான். நைரோபியில் வேலை பார்க்கும் என் மகள் சுசித்ரா விடாமல் கூப்பிடுகிறாள். அவள் அம்மா சாந்தம்மா போன பிறகு நான் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். செப்டம்பர் பத்தாம் தேதி பெங்களூரில் விமானம் ஏறினால் மொத்தம் பத்து நாள். முதலில் நைரோபி. ஊருக்குப் பக்கத்திலேயே காடாம், சிங்கத்துக்குப் பின்னால் மாடிக் கட்டடங்கள் தெரியுமாம். பிறகு மசாய் மாரா. அங்கிருந்து ஜீப்பில் எல்லை தாண்டி தான்சானியா, செரெங்கெட்டி. திரும்பும் வழியில் துபாயில் இரண்டு நாள் ஊர் சுற்றல். தளி காட்டிலிருந்து யானை வந்தால் பட்டாசு வெடித்து விரட்டுகிற ஆட்கள் நாம். அங்கே அதைப் பார்க்க வண்டியில் காத்துக் கிடக்கப்போகிறோம்.

நாம் என்று எழுதிவிட்டேன். "குருமூர்த்தி மாமா வந்தாத்தான் உங்கள அனுப்புவேன், தனியா ஏர்போர்ட்ல என்ன அறிவிக்கிறாங்கன்னே உங்களுக்குக் கேக்காது" என்கிறாள். காட்டில் தங்குவது கூடாரத்திலாம், அதில் இரண்டு கட்டில். உன் குறட்டை எனக்குக் கேட்காது என்பது உன் அதிர்ஷ்டம். நீலமும் கறுப்பும் உடுத்தக்கூடாதாம், ஒருவகை ஈ தேடி வந்து கடிக்குமாம். கம்பெனியின் நீல யூனிபார்மை எல்லாம் மூட்டை கட்டிவிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வெங்கடப்பன்

நாகரசம்பட்டி
15 ஜூன் 2025

அன்பு வெங்கடப்பா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். வருகிறேன். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

லட்சுமிக்கு மூட்டுவலி. "நீங்க போய்ட்டு வாங்க, நான் சிங்கத்த போட்டோவுல பாத்துக்கறேன்" என்கிறாள். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் புத்தி போகுமா, மிருகங்களுக்கு ஒரு செக் ஷீட் போட்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு வகை. கதவுப்பக்கக் கட்டில் உனக்கு. சிங்கம் வந்தால் முதலில் யூனியன்காரனிடம் பேசட்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பெங்களூரில்தான் போடுகிறார்களாம். வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், சேர்ந்து போய்விடலாம். ரிட்டயர் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு வியாழக்கிழமைக்காக நான் காத்திருந்ததில்லை. சுசித்ராவிடம் மாமா ரொம்ப சந்தோஷப்பட்டார் என்று சொல்.

அன்புடன்,
குருமூர்த்தி

நாகரசம்பட்டி
24 ஜூலை 2025

அன்பு வெங்கடப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ விசா தாளோடு வந்தபோது உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. மாரியம்மன் பண்டிகை பற்றிப் பேச அண்ணனும் பங்காளிகளும் கூடியிருந்தார்கள். நீ வருவது முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரி ஏற்பாடு செய்திருப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வருத்தமான செய்தி ஒன்று. சர்க்கரை ஏறியிருக்கிறது. இந்த நிலையில் இவ்வளவு தூரப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எவ்வளவு கேட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி சுசித்ராவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நீ கட்டாயம் போய் வா. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

குருமூர்த்தி

சூளகிரி
30 ஜூலை 2025

குருமூர்த்திக்கு,

உனக்குச் சர்க்கரை இல்லை. ஊசி போடப் போன அன்று நர்ஸ் கேட்டபோது, போன வாரம்தான் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல் என்று பெருமையாகச் சொன்னவன் நீ.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். திங்கட்கிழமைக்குள் உன் கையெழுத்து வேண்டும் என்று சுசித்ரா சொன்னதால் சொல்லாமல் கிளம்பி வந்தேன். வாசலில் நின்றேன். உன் அண்ணன் சென்னகிருஷ்ணன் "யாருடா அது?" என்று கேட்டார். நீ என் பக்கம் பாதி திரும்பியபடியே சொன்னாய்: "ட்ராவல் ஏஜென்சி ஆளுண்ணா. கையெழுத்து வாங்க வந்திருக்கான்."

எனக்குக் கேட்காது என்று நினைத்தாய். பிரஸ் ஷாப்பில் யாரய்யா காதால் கேட்டது? அத்தனை மெஷின் சத்தத்தில் இருபத்தெட்டு வருஷமும் உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கொண்டோம்? உன்னோடும் அப்படித்தானே பேசினேன்? நீ "வந்திருக்காரு" என்றுகூடச் சொல்லவில்லை. கடைசி எழுத்துக்கு உன் உதடு குவியவில்லை.

லட்சுமியம்மா காபி டம்ளரோடு நிலைப்படி வரை வந்தார். அதற்குள் "அவருக்கு அவசரம்" என்றாய். அப்போது மட்டும் ‘ரு’ வந்தது.

சாதி என்ற வார்த்தையை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. பேசாததால் அது நமக்கு நடுவில் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

ஆனால் பத்து நாளாக என்னைத் தின்பது நீ சொன்னது இல்லை. நான் சொன்னது. உன் அண்ணன் என்னைப் பார்த்ததும் நான் குனிந்து, "ஆமாங்க சார், ஒரே ஒரு கையெழுத்துதாங்க" என்றேன். உன் பொய்க்கு நான் ஒத்து நடித்தேன். பன்னிரண்டு வருஷம் யூனியன் துணைச் செயலாளராக இருந்து, ஜெனரல் மேனேஜர் முன்னால் கால்மேல் கால் போட்டுப் பேசியவன் உன் வாசலில் முதுகை வளைத்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் என் முதுகு நிமிரவில்லை. என் அப்பா வெயிலில் நின்று பேசிய குரல் என் வாயிலிருந்து வந்தது. அந்தக் குரலை என் மகள் கேட்டதே இல்லை. இனியும் கேட்கக்கூடாது.

சுசித்ராவிடம் மாமாவுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அது.

வெங்கடப்பன்

நாகரசம்பட்டி
10 ஆகஸ்ட் 2025

வெங்கடப்பா,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். எழுதியதில் எல்லாம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

நீ எழுதிய ஒவ்வொரு வரியும் நிஜம். சர்க்கரை பொய். அந்தப் பொய்யையும் நீதான் மகளிடம் சுமந்து போகவேண்டும் என்று விட்டேனே, அது இன்னும் கேவலம். உன்னோடு பத்து நாள் சுற்றி, ஒரே கூடாரத்தில் தங்கிவிட்டு, சுசித்ரா எடுக்கும் படங்கள் அண்ணன் மகன் நவீன்குமாரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். "ஏஜென்சி ஆளோட ஒரே ரூம்லயா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்தேன். சிங்கத்தைப் பற்றி விளையாட்டாக எழுதிய கை இது.

லட்சுமி உன் கடிதத்தைப் படித்தாள். அன்று எடுத்து வந்த டம்ளரைக் காட்டி, "இதுல இனிமே நான் உங்களுக்குக் காபி தர மாட்டேன்" என்றாள்.

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். பங்காளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "அன்னிக்கி வந்தது ஏஜென்சி ஆளு இல்லண்ணா. என் கூட்டாளி வெங்கடப்பன். நான்தான் பொய் சொன்னேன்."

அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்டா. உன் ரிட்டயர்மென்ட் போட்டோவுல பக்கத்துலயே நிக்கறானே" என்றார்.

"தெரிஞ்சிருந்தும் ஏண்ணா கேட்ட?"

"நீ என்ன சொல்றன்னு பாத்தேன்."

"உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"எந்திரிச்சிப் போயிருப்பேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான், வெங்கடப்பா. என் அண்ணன் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். அது நடக்காமல் இருக்க நான் உன்னை விற்றேன். என் வெட்கத்துக்கு இத்தனை சின்னக் காரணமா என்று நினைக்கும்போதுதான் தாங்க முடியவில்லை.

சுசித்ராவுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டேன், நீ குனிந்ததை மட்டும் விட்டுவிட்டு. அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. உன்னோடு வருகிறேன் என்று கேட்க மாட்டேன். மன்னித்துவிடு என்றும் எழுதவில்லை. அது உன் வேலையைக் கூட்டுவது.

குருமூர்த்தி

சூளகிரி
28 செப்டம்பர் 2025

குருமூர்த்திக்கு,

போன வாரம் திரும்பி வந்தேன். ஏர்போர்ட்டில் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. கேட்காது என்று எழுதி ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், எல்லா ஊரிலும் யாராவது கைகாட்டி அனுப்பினார்கள்.

மசாய் மாராவில் காட்டு மாடுகள் கூட்டமாக ஆற்றில் இறங்குவதைப் பார்த்தேன். கரையில் மணிக்கணக்காக நிற்கின்றன. முதலில் இறங்க எதற்கும் மனசில்லை. ஒன்று குதித்ததும் மலை சரிவது மாதிரி எல்லாம் குதிக்கின்றன. பக்கத்து ஜீப்பில் ஒரு பெண் அழுதாள். எனக்கு அத்தனையும் சத்தமில்லாமல் நடந்தது. துபாயில் அந்த உயரக் கட்டடத்தின் மேல் நின்று நெடுநேரம் கடலைப் பார்த்தேன். சாந்தம்மாவுக்கு உயரம் என்றால் பயம், வந்திருக்க மாட்டாள். கூடாரத்தில் தனியாகத்தான் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

சுசித்ரா உன் கடிதத்தை என்னிடம் காட்டினாள். நீ விட்டதை நானே சொன்னேன். கொஞ்ச நேரம் என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். உன்னை இனி மாமா என்று கூப்பிட வாய் வராது என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

உன்மேல் கோபம் குறைந்திருக்கிறது. போய்விடவில்லை. போகுமா என்று தெரியாது.

அடுத்த ஞாயிறு, ஐந்தாம் தேதி, பகலில் வீட்டில் இருப்பேன். புரட்டாசி, அதனால் கறி இல்லை. களியும் அவரைக்காய்க் குழம்பும். நான்தான் சமைப்பேன். லட்சுமியம்மாவுக்கு முட்டி வலிக்காவிட்டால் அவரும் வரலாம்.

சூளகிரி பஸ் ஸ்டாப்பில் இறங்கி ஓசூர் பக்கமாக நட. டயர் கடை வரும். அதை ஒட்டி உள்ளே போகிற மண்ரோட்டில் திரும்பி, இரண்டாவது குழாயடி தாண்டி மூன்றாவது வீடு. பச்சைக் கதவு. இத்தனை வருஷமாகக் கவர்மேல் என் முகவரியை எழுதுகிறாய். சாந்தம்மா செத்த அன்றும் நேராகச் சுடுகாட்டுக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போனாய். நீ என் வீட்டைப் பார்த்ததே இல்லை என்பது வழி எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

வருவதாக இருந்தால் வா. வராவிட்டால் காரணம் எழுதாதே.

வெங்கடப்பன்