மழை பெய்தால் தெரியும் நாமம்

மே 12, திங்கள்

இன்று முழுக்க ஒரே கண்ணாடி. தேங்காய்ப்பட்டணத்து ரசலையனின் ஜீப். கடல்காற்றில் நிறுத்தி நிறுத்தி முன்கண்ணாடி முழுவதும் உப்புக்கறை ஏறிக் கிடந்தது. பாலிஷ் பொடியைக் குழைத்து மெஷினைப் பிடித்துத் தேய்த்ததில் தோள்பட்டை இற்றுப்போயிற்று. மழைத்தண்ணி ஒட்டாமலிருக்கக் கோட்டிங் போடுவது அரைமணி வேலை. அதற்குக் கண்ணாடியைத் தயார் செய்வதுதான் உயிரை வாங்குகிறது. இது எவனுக்குப் புரிகிறது? ஒரு குப்பி மருந்தைத் தொட்டுத் துடைக்க இவ்வளவு நேரமா என்று மனுஷன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மஸ்கட்டிலிருந்து சுயம்பு கூப்பிட்டான். முத்துக்கனி அக்காவின் ஒரே பிள்ளை. வீட்டுக்குப் புதுக் கார் புக் செய்திருக்கிறானாம், சனிக்கிழமை வருமாம். மாமா கையால் கண்ணாடிக்கு மருந்து போட்ட பிறகுதான் அம்மையும் அப்பாவும் ஏறவேண்டும் என்றான். ஆவணியில் லீவு. வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு குலசேகரம் தாண்டி மலையேற வேண்டுமாம். எனக்கு வேறு சோலி இல்லை பாரு என்றேன். சிரித்தான்.

மே 17, சனி

அக்கா வீட்டுக் கார் வந்தது. வெள்ளை. புதுக் கண்ணாடி என்பதால் கை நோகவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மருந்தைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, கண்ணாடி லேசாக வேர்க்கிற மாதிரி ஆகிற நேரம் பார்த்து ஒற்றி எடுத்தேன். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, ஜன்னல் நாலும். நாளை சாயங்காலம் வரை ஈரம் படக்கூடாது, ஷெட்டிலேயே நிற்கட்டும் என்றேன். முத்துநாயகம் அத்தான் கேட்கவில்லை. நாளை வைகாசி முதல் ஞாயிறு, வண்டியை அய்யாவின் தாங்கலுக்குக் கொண்டுபோய்க் கும்பிடாமல் எப்படி என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே. கண்ணாடியில் கை வைக்காதீர்கள் என்று ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன் — அறுபதில் போனால் மழைத்தண்ணி தானே ஓடிவிடும், வைப்பரே வேண்டாம்.

மே 18, ஞாயிறு

தாங்கலுக்குப் போனேன். கார் வாசலில் நிற்கிறது. முன்கண்ணாடியின் நடுவை ஒட்டி, டிரைவர் பக்கமாக, ஒரு சாண் உயரத்துக்குத் திருநாமம். அக்கா தாங்கலின் வெள்ளை நாமமண்ணை ஈரமாகக் குழைத்து விரலால் இழுத்திருக்கிறாள். அத்தனை பேர் கூடி நிற்கிற இடத்தில் என்ன சொல்ல? அய்யா உண்டு என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். கண்ணாடியில் கை வைக்கக்கூடாது என்றால் நாமமும் தொட்டு வைக்கக்கூடாது என்று எங்கள் ஆட்களுக்கு எப்படித் தோன்றும். எனக்கே தோன்றவில்லையே, சொல்லி அனுப்பியிருப்பேனே.

மே 25, ஞாயிறு

மழை வந்துவிட்டது. இந்த வருஷம் சீக்கிரம்.

நினைத்தபடியே ஆயிற்று. மண்ணைத் துடைத்து ஒரு வாரமாகிறது. காய்ந்த கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மழை விழுந்தால் மற்ற இடமெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, அந்த ஒரு சாண் மட்டும் பரந்து நிற்கிறது. அச்சு அசலாக நாமம், சுடர் மாதிரி. திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். வைப்பர் போட்டால் போய்விடப் போகிறது.

மே 29, வியாழன்

சுயம்பு வேலை செய்கிற இடத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். நினைவு இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

அங்கே அதே ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிற ஆதிரா குலசேகரத்துப் பெண். என் மனைவி சபிதாவுக்குத் தூரத்துச் சொந்தம். அவள்தான் ஐசியுவில் விசாரித்துச் சொன்னாள். மூச்சு மெஷின் விடுகிறது. அதற்கு மேல் கேட்காதீங்க அண்ணா என்றாள். அக்கா வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. அக்கா வீட்டுக்குள் இல்லை, குடை பிடித்துக்கொண்டு கார் முன்னால் நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் காட்டினாள்.

"அய்யா நிக்கியாரு பாத்தியா. எனக்க பிள்ளைக்கி ஒண்ணும் வராது."

வைப்பர் போடக்கூடாது என்று அத்தானுக்கு உத்தரவு. நாமத்தை அடித்து அடித்து அழிப்பதா, அதுவும் இந்த நேரத்தில்? அவர் சரி என்று தலையாட்டினார்.

ஜூன் 6, வெள்ளி

மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நாகர்கோவிலில் நோட்டரியிடம் ஒரு காகிதம் வாங்கப் போனோம். அத்தான் ஓட்டினார், அக்கா முன்னால், நான் பின்னால். தோட்டியோடு ஊருக்குப் பக்கத்தில் மழை கொட்டுகிறது. அத்தான் நாற்பதைத் தாண்டாத ஆள். நாற்பதில் எந்த மருந்தும் தண்ணியை ஓட்டாது. முத்துக்கள் அப்படியே நடுங்கிக்கொண்டு நிற்கின்றன; நடுவில் நாமம். எதிரே பஸ் வந்ததை ஹாரன் சத்தத்தில்தான் கண்டோம். வண்டி வாய்க்கால் ஓரத்தில் போய் நின்றது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, அலறிவிட்டேன். அக்கா, அது மருந்து காய்வதற்கு முன்னால் ஈரமண் பட்ட இடம், அங்கே மருந்து பிடிக்கவில்லை, அதனால் தண்ணி ஓடாமல் நிற்கிறது, வேறு ஒரு மண்ணும் இல்லை என்று.

அவள் திரும்பக்கூட இல்லை.

"நீ மருந்து போட்ட. நாந் தொட்டேன். நிக்க வச்சது ஆரு?"

போகும்போதும் வரும்போதும் வைப்பர் போடவில்லை.

ஜூன் 7, சனி

கடை திறக்கவில்லை.

ஜூன் 11, புதன்

ஆதிரா கூப்பிட்டாள். மூளை முழுக்கப் போய்விட்டதாம். டாக்டர்கள் ரெண்டு தடவை பார்த்துவிட்டார்களாம். வீட்டார் சரி என்று சொன்னால் மெஷினை எடுத்துவிட்டு அனுப்பிவைப்பார்கள். அவள் நல்ல பெண், சொல்லும்போதே அழுதாள். அவன் உடம்பு தாங்காமல் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருக்கிறது அண்ணா, பார்க்க முடியவில்லை என்றாள்.

அத்தானிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் முற்றத்திலேயே நடந்தார். பிறகு சரி என்றார். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். அய்யா கண்ணெதிரே நிற்கும்போது நான் எப்படிப் பிள்ளையை விடச் சொல்வேன் என்கிறாள். ரெண்டு பேரும் சொல்லாமல் ஆகாது.

அந்தச் சனிக்கிழமை கார் சாவியை அத்தான் கையில் கொடுக்காமல் இருந்திருக்கலாம். பிடுங்கி வைத்திருக்கலாமே. எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன், ஒரு சாவிக்குச் சண்டை போட வரவில்லை எனக்கு.

ஜூன் 13, வெள்ளி

அத்தான் காரை எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"பிரதீஷே, அத அழிச்சிரு. அது தெரியாம ஆச்சுண்ணா அவ மனசு எறங்கும். எனக்க பிள்ள அங்க கெடந்து சீரழியான் மக்கா."

பத்து நிமிட வேலை. பாலிஷ் போட்டு ஒரு பிடி, மேலே புது மருந்து. பாலிஷ் மெஷினை எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். ஓடவும் விட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன். அடுத்த மழையில் அக்கா அந்த இடத்தைத்தான் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. பிள்ளை போய்விட்டான் என்று அன்றைக்கே மார்பில் அடித்துக்கொள்வாள், நான் தேய்த்ததை வைத்து. அய்யோ, என்னால் ஆகாது. அவளைக் கெஞ்சலாம், அதட்டலாம். இதைச் செய்யக்கூடாது. அத்தானிடம் முடியாது என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 14, சனி

அக்கா பஸ்ஸில் வந்தாள். அத்தான் எதற்கு வந்தார் என்று கேட்டாள். பொய் சொல்ல நினைத்தேன், முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. சொல்லிவிட்டேன். அழிக்கவில்லை என்றும் சொன்னேன். தெரியும், காலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன் என்றாள்.

ஷெட்டில் ஓர் உடைந்த முன்கண்ணாடி சாத்தி வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குப் பாதியில் மருந்து போட்டுக் காட்ட. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல மருந்து போடு. அண்ணைக்கிப் போட்ட மாதிரியே போடு. நான் தொடுதேன். இதுலயும் நிக்குதாண்ணு பாக்கணும்."

வேண்டாம் அக்கா என்றேன். போன வாரம் அந்தக் கத்துக் கத்தினவன் நான்தானா? கை ஓடவில்லை. அவள் விடவில்லை. போட்டேன். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள், சபிதா கொண்டுவந்த சாயாவைக் குடிக்கவில்லை. பிறகு மடியிலிருந்து மண்ணை எடுத்து, கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதே உயரத்துக்கு இழுத்தாள்.

அவள் போன பிறகு ஒன்று தோன்றியது. பெயிண்ட் காயவைக்கிற விளக்கு ஷெட்டில் இருக்கிறது. மண்ணை ஒற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது மருந்து தொட்டு, விளக்கைப் போட்டுக் காயவைத்து, மேலே மண்ணைத் திரும்ப இழுத்துவிட்டால் போதும். நாளை தடம் இருக்காது. காரில் இருக்கிற அக்காவின் நாமம் அய்யா நிறுத்தினதாகவே இருக்கும். சுயம்புவும் அந்த மெஷினிலேயே இருப்பான்.

விளக்கைத் தொடவில்லை. ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். செய்தது சரியா? யாரிடம் கேட்க.

ஜூன் 15, ஞாயிறு

தாங்கலுக்குப் போகாமல் நேரே ஷெட்டுக்கு வந்தாள். துணியை அவளே வாங்கி மண்ணைத் துடைத்தாள். வாளியில் தண்ணீர் எடுத்து அவளே ஊற்றினாள். நாமம் தெரிந்தது. இன்னொரு தடவை ஊற்றினாள். அதேபோல் தெரிந்தது.

டயர் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த நர்சுப் பிள்ளைய விளிச்சிச் சொல்லு மக்கா. மெஷின எடுக்கச் சொல்லு."

அக்கா, அய்யா இல்லை என்று நான் சொல்லவே இல்லையே என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்கு அது காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

நம்ம நேரத்துக்கு மதியம் மூணு மணி. ஆதிரா பக்கத்தில் இருந்தாளாம்.

ஜூன் 21, சனி

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் காலையிலேயே பெட்டி வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூட ஏற அத்தானை விட்டார்கள், ஒருவருக்குத்தான் இடம். நான் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். அவள் முன் சீட்டில், என் பக்கத்தில்.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் பிடித்தது மழை. நாமம் தெளிய ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் மெதுவாகப் போகிறது, பின்னால் நானும் மெதுவாக. தண்ணீர் ஓடவில்லை. சிவப்பு விளக்கு ஒன்று நாலாகத் தெரிகிறது, பிறகு அதுவும் இல்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், தலையை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தேன். வைப்பர் பிடி விரலுக்கு எட்டுகிற தூரத்தில்தான். தொட முடியவில்லை. அந்தக் கத்துக் கத்தினேனே அன்றைக்கு.

பாறசாலையில் ஒரு லாரி நடுவில் புகுந்தது.

"மக்கா, வைப்பரப் போடு."

நான் அவளைப் பார்த்தேன்.

"போடு. பிள்ள முன்னால போறான். எனக்கு அவனத் தெரியணும்."

போட்டேன். லாரி விலகியதும் ஆம்புலன்ஸின் பின்கதவு தெரிந்தது. அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். களியக்காவிளையில் மழை விட்டுவிட்டது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டது. நிறுத்தவா என்று கேட்டேன். வீடு வரைக்கும் கிடக்கட்டும் என்றாள்.