சாட்சிக்கு வந்த கித்தார்

மேப்பிரிவு லயம், லிந்துலை
6.5.1962

மருமகன் சோலைமலைக்கு, ஒன் அத்தை பேச்சியம்மா, மாரியாத்தாளுக்கு ஒரு சூடம் காட்டிட்டு ஒக்காந்து எழுதுறது. முழங்கால் வலியத் தவிர எனக்கு ஒரு கொறையும் இல்ல. பட்டிப்பொலக் குளிர்ல நீ காதுல துணி கட்டிக்கிட்டுத்தான் படுக்கிறியா?

நீ குடுத்துவிட்ட கித்தார் வந்திருச்சு. பஸ்ஸு கண்டக்டர் எறக்கி வைக்கிறப்ப, "ஆயா, இது என்னா, கோணியில சுத்துன பொணமா?"ன்னு கேட்டான். "எம் மருமகன் மரக்கறிக் கடையில வேல செய்றான், கோணியில சுத்தாம பட்டுலயா சுத்துவான்"னு சொன்னேன். கடையில சத்தம் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு, ஆவணியில தங்க தனிக் காம்பரா கெடைக்கிற வரைக்கும் வச்சிருங்க அத்தைன்னு எழுதியிருந்த. வச்சிருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. இங்க ஈரத்துல எந்தச் சாமானும் பூத்துப் போகுது, அதனால அடுப்புக்கு மேல பரண்ல வச்சேன். மூணாம் நாள் டப்புன்னு ஒரு சத்தம். எறக்கிப் பாத்தா வயித்துப் பக்கம் ஒட்டு விட்டிருக்கு. சோத்த மசிச்சி தடவி, துணியால இறுக்கிக் கட்டி, துன்னூறு பூசிருக்கேன். வீட்டுல வேற எடம் இல்லன்னு இப்ப நான் வேல செய்ற பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டு போயிட்டேன். கொழுந்தெடுக்கப் போறவளுக விட்டுட்டுப் போற பிள்ளைங்க உருப்படி பதினெட்டு இருக்கு இப்ப. பாத்துக்கிறது நானும் வீரம்மாளும் ரெண்டே பேரு.

தொட்டும் பாத்தேன். ஒரு கம்பியத்தான். தொட்டில்ல கத்திக்கிட்டிருந்த பிள்ள வாய மூடிக்கிருச்சு. கோணிக்குள்ள ஒரு புஸ்தகமும் இருந்துச்சே, இங்கிலீசு எனக்குத் தெரியாது, ஆனா பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுப் புள்ளி வச்சிருக்கு, கோலம் மாதிரி. அது என்னா?

ஒன் அத்தை
பேச்சியம்மா

*

பட்டிப்பொல
13.5.1962

அன்புள்ள அத்தைக்கு,

அடுப்புக்கு மேலேயா வைத்தீர்கள்? போகட்டும். ஒட்டினீர்களே, அதுவே போதும். இனி நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

தொட்டதற்கு ஏன் பயப்படுகிறீர்கள்? வாசியுங்கள். நானும் யாரிடமும் படிக்கவில்லை. ரயில்வே கார்டு ஒருவர் ஊர்மாறிப் போகும்போது கொடுத்தது, புத்தகமும் அதோடு வந்தது. மூன்று மாதத்தில் எனக்கு வந்தது, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி மூன்றுதான்.

அந்தப் புள்ளிகள் விரல் வைக்கும் இடங்கள். நெட்டுக்கோடு ஆறும் ஆறு கம்பி. இடது ஓரத்துக் கோடு தடித்த கம்பி, வாசிக்கும்போது உங்கள் தாடைக்குப் பக்கத்தில் இருப்பது. குறுக்குக் கோடுகள் கழுத்தில் பதித்திருக்கும் பித்தளைக் கோடுகள். பதினோராம் பக்கத்தில் உள்ள மூன்று பிடியும் வந்தால் ஒரு தாலாட்டு வாசித்துவிடலாம். விரல் நுனி முதலில் அறுபடும், விட்டுவிடாதீர்கள்.

வீரம்மாள் சுகமா? புருஷன் போன பிறகு நீங்கள்தானே அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டீர்கள். கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
சோலைமலை

*

லிந்துலை
3.6.1962

என் ராசா சோலைமலைக்கு அத்தை எழுதுறது.

ஒன் காயிதம் வர்ற வரைக்கும் நான் தலகீழா வாசிச்சிருக்கேன்டா. கோலம்னா நம்ம பக்கத்துல இருந்துதானே புள்ளி எண்ணுவோம்? அப்பிடியே மடிப்பக்கம் இருக்கிற மெல்லிசுக் கம்பியில இருந்து எண்ணிட்டேன். "ஆயா, ஆட்டுக் கழுத்த அறுக்கிற மாதிரி இருக்கு"ன்னு வீரம்மா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. இப்ப திருப்பி வச்சா, கேக்குற மாதிரி இருக்கு. மொதப் பிடி வந்திருச்சு. ரெண்டாவது பாதி. மூணாவதுல மோதிர வெரல் சொன்ன பேச்சு கேக்கல, பக்கத்துக் கம்பியில சாஞ்சிக்கிட்டு டொக்கு டொக்குங்குது.

வெரல் அறுபடும்னு எழுதியிருந்த. முப்பத்தொரு வருசம் கொழுந்து கிள்ளுன வெரல கம்பி என்னா செய்யும்?

தோட்டத்து மருந்துக்காரய்யா செவ்வாக்கெழம பிள்ளைங்களப் பாக்க வருவாரு. அன்னைக்கி தொடுறதில்ல. பால்மாப் பெட்டிக்குள்ள வச்சி மேல தொட்டில் துணியப் போட்டு மூடிருவோம். வெள்ளிக்கெழம பொட்டு வச்சி, ஆத்தா படத்துக்கு முன்னால ஒரு தரம் மீட்டிட்டுத்தான் எடுக்கிறது.

நம்ம ராசம்மா மகன் இருக்கானே, மூக்கன், அவன்தான் எனக்குப் புஸ்தகம் பிடிக்கிற ஆளு. ராசம்மாளுக்கு ரெண்டு பிள்ள பொறந்து பொறந்து செத்து, மூணாவதா வந்தவனுக்கு நான்தான் மூக்குக் குத்திப் பேரு வச்சேன், சாவு அடையாளம் தெரியாம போகட்டும்னு. இப்ப மூணு வயசு. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வெளியில ஓடிருவான். அவனுக்காகவே பிள்ளைக்காம்பராக் கதவுக்குத் தாப்பாள ஒசரத்துல மாத்தி வச்சிருக்கேன்.

ஒரு மொட, வெளிச்சம்தான். மழ மாசம், மலயெல்லாம் மூட்டம். சன்னல் ஒண்ணே ஒண்ணு. புள்ளி தெரிய மாட்டேங்குது.

இருவத்தாறு வயசாகுது ஒனக்கு. ஒரு பொண்ணப் பாக்கச் சொல்லி நானும் எழுதுறேன், நீயும் அந்த வரிய மட்டும் படிக்காம தாண்டிப் போற.

பேச்சியம்மா

*

லிந்துலை
20.6.1962

சோலைமல,

அவசரத்துல எழுதுறேன், எழுத்தப் பாத்து வையாத. இந்தக் காயிதத்தப் படிச்சிட்டு அடுப்புல போட்டுரு.

முந்தாநாள் திங்கக்கெழம மூக்கன் மழத்தண்ணி ஓடுற கான்ல விழுந்துட்டான். மேல பேஞ்ச மழைக்கி கான்ல இடுப்பளவு தண்ணி. கான் வெட்டிக்கிட்டிருந்த இராமையாதான் சட்டையக் கண்டு குதிச்சி தூக்கியிருக்காரு. கை ஒடஞ்சிருச்சு. தண்ணி குடிச்சிருக்கான். இன்னைக்கித்தான் கண்ணத் தொறந்து அம்மான்னான். ஆத்தா உசுரக் குடுத்துட்டா.

எப்பிடி வெளியில போனான்னு கேக்குறியா? ஊரே கேக்குது. வீரம்மா வெறகெடுக்கப் போனா. போறப்ப தாப்பாளப் போட்டுட்டுத்தான் போனா, நான் பாத்தேன். அதுக்கப்புறம் நான்தான் தொறந்தேன். புஸ்தகத்துல புள்ளி தெரியலன்னு, வெளிச்சத்துக்குத் தொறந்து வச்சேன். மூணாவது பிடி வர்ற மாதிரி இருந்துச்சு. குனிஞ்ச தல நிமிரல. எவ்வளவு நேரம்னு கேட்டா எனக்கே தெரியாது.

பெரிய கங்காணி கந்தப்பன் வந்து, "கடைசியா வெளியில போனது யாரு?"ன்னு கேட்டாரு. "வீரம்மா"ன்னு சொன்னேன். அது பொய் இல்லையே. அதோட நிறுத்திக்கிட்டேன். அதுதான் பாவம்.

வர்ற புதன்கெழம தோட்டத்துத் தொர ஆபீசுல விசாரண. வேலையில இருந்து வீரம்மா பேர வெட்டிருவாங்கன்னு பேசிக்கிறாங்க. அவளுக்கு ஒரு பொட்டப்புள்ள, போக எடம் இல்ல. எனக்கு மட்டும் இருக்கா? அம்பத்துநாலு வயசு. பேர வெட்டுனா காம்பராவையும் விடணும். பயமா இருக்கு சோலைமல. நீ ஞாயித்துக்கெழம எப்பிடியாச்சும் வந்து அந்தக் கித்தார எடுத்துட்டுப் போயிரு. பெட்டியத் தொறந்து யாராச்சும் பாத்தாங்கன்னா நான் செத்தேன்.

பேச்சியம்மா

*

பட்டிப்பொல
22.6.1962

அத்தைக்கு,

ஞாயிறு கடை லொறி தலவாக்கலைக்கு வருகிறது. அதில் வந்து எடுத்துக்கொள்கிறேன். முட்டைக்கோசு மூட்டையோடு மூட்டையாகப் போய்விடும்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அம்மா செத்த நாளிலிருந்து உங்கள் காம்பராதான் எனக்கு வீடு. உங்களை வெளியே தள்ளிப் பார்க்க என்னால் முடியாது. வீரம்மாளுக்கு வேறு வழி பார்க்கலாம், நானும் பார்க்கிறேன்.

சோலைமலை

*

லிந்துலை
28.6.1962

சோலைமலைக்கு அத்தை எழுதுறது.

நீ வந்த, மூட்டையத் தூக்குன, என் மொகத்தப் பாக்காம போயிட்ட. நானும் ஒன் மொகத்தப் பாக்கல.

நேத்து விசாரண நடந்துச்சு. தொர, மருந்துக்காரய்யா, கந்தப்பன் மூணு பேரும் இருந்தாங்க. வீரம்மாளக் கேட்டாங்க. தாப்பா போட்டேன்னு ஒரே ஒரு தரம் சொன்னா. யாரும் நம்பல. அவ்வளவுதான். கித்தாரப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அடுத்த சனிக்கெழமக்குள்ள காம்பராவ விட்டுப் போகணும்னு சொல்லிட்டாங்க.

திரும்பி வர்ற வழியில கேட்டேன், "ஏன்டி கித்தாரப் பத்திச் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன் ஆயா"ன்னா. கோவமாக்கூட சொல்லல.

ராத்திரி பூரா ஆத்தா படத்தப் பாக்க முடியல, திருப்பி வச்சிட்டேன். இன்னைக்கிக் காலையில பேர் கூப்புடுற பெரட்டு முடிஞ்சதும் நேரா ஆபீசுக்குப் போயி, கதவத் தொறந்தது நான், கித்தார் வாசிக்கிறதுக்குத் தொறந்தேன்னு சொன்னேன்.

என்னா ஆச்சு தெரியுமா? சிரிச்சாங்க. "கித்தாரா? ஆயா, பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லு. ஒரல ஆட்டுனேன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்போம்"னாரு கந்தப்பன். தொர அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல நல்ல விதமாத்தான் பேசுனாரு. "நீ நல்ல மனுசி. வீரம்மா காப்பாத்த பொய் சொல்றது. நான் நம்ப முடியாது."

எங்க அந்தக் கித்தார்னு கேட்டாங்க. என்னா சொல்லுவேன்? பட்டிப்பொலைக்கி மூட்டையில போயிருச்சுன்னா அதுக்கும் சிரிப்பாங்க.

அத அனுப்பி வையி. புஸ்தகத்தோட. நாள் இல்ல.

பேச்சியம்மா

*

பட்டிப்பொல
1.7.1962

அத்தைக்கு,

நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள். நம்பாதது அவர்கள் குற்றம். சாமிக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு அதோடு தீர்ந்தது.

நான் அனுப்ப மாட்டேன். உங்களைத் தெருவில் நிறுத்த என் கையால் ஒரு பொருளையும் அனுப்ப மாட்டேன். இங்கே ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் கேட்கிறார்கள், வீரம்மாளுக்காகப் பேசியிருக்கிறேன்.

சோலைமலை

*

லிந்துலை
3.7.1962

சோலைமல,

வீரம்மாளுக்கு நீ பாத்த வேலைக்கி ஒரு கும்புடு. பிள்ளையக் கொல்லப் பாத்தவளுங்கிற பேரோட எந்த வீட்டுலயும் பிள்ள பாக்க முடியாது. அந்தப் பேரு என்னோடது. அத அவ சொமக்குறா.

ஆறு வயசுல ஒன் அம்மாளப் பறிகொடுத்துட்டு எங்கிட்ட வந்த. அன்னையிலருந்து நான் ஒங்கிட்ட எதையும் கேட்டதில்ல. கேக்குறது இது ஒண்ணுதான். வியாழக்கெழம பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிப்பேன். வரலன்னா, நான் ஒனக்கு இனிமே காயிதம் போட மாட்டேன்.

பேச்சியம்மா

*

லிந்துலை
8.7.1962

மருமகன் சோலைமலைக்கு, அத்தை பேச்சியம்மா நிதானமா எழுதுறது.

வியாழக்கெழம கடைசி பஸ்ஸுல கித்தார் வந்துச்சு. அதே கண்டக்டர். "ஆயா, இந்தப் பொணத்த எத்தன தரம்தான் எடுப்பீங்க"ன்னான். கோணியப் பிரிச்சி உள்ள கையவிட்டுத் தேடுனேன். ஒரு துண்டுக் காயிதம்கூட இல்ல. ஆனா துருப்பிடிச்ச ரெண்டாவது கம்பிய மாத்தியிருந்த. அத மட்டும் நீ ஏன் செஞ்சன்னு நான் கேக்க மாட்டேன்.

வெள்ளிக்கெழம குளிச்சி, துன்னூறு பூசிக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். வீரம்மாளையும் கூட்டிக்கிட்டேன். கோணியப் பாத்ததுமே கந்தப்பன், "ஆயா கச்சேரி வைக்க வந்திருக்கு தொர, தேங்கா பழம் கொண்டாங்க"ன்னாரு. கிளார்க்கு பொத்திக்கிட்டுச் சிரிச்சான். தொர மட்டும் சிரிக்கல. "சரி, வாசி"ன்னாரு.

தரையில சப்பணம் போட்டு ஒக்காந்தேன். புஸ்தகத்தப் பதினொண்ணாம் பக்கம் விரிச்சேன். மழ. அறை முழுக்க இருட்டு. கண்ண இடுக்கிப் பாத்தேன், புள்ளி தெரியல. அந்த நேரத்துல நான் எதையும் யோசிச்சுச் சொல்லல, வாயி தானா சொன்னிச்சு. "தொர, புள்ளி தெரியல. கொஞ்சம் கதவத் தொறக்கச் சொல்லுங்க."

கிளார்க்கு எந்திரிச்சிப் போயி கதவத் தொறந்தான். வெளிச்சம் வந்து பக்கத்துல விழுந்துச்சு. அப்பத்தான் என் காதுக்கே நான் சொன்னது கேட்டுச்சு. நிமிந்து பாத்தேன். தொர என்னயப் பாக்கல. தொறந்த கதவப் பாத்துக்கிட்டிருந்தாரு. கந்தப்பன் தலப்பாவக் கழட்டி மடியில வச்சிக்கிட்டாரு.

நான் வாசிச்சேன். ரெண்டு வரித் தாலாட்டு. மூணாவது பிடியில மோதிர வெரல் சாயல. ஒரு டொக்கு இல்ல. ரெண்டு மாசமா வராதது, வந்திருக்கக்கூடாத எடத்துல வந்துச்சு. முடிச்சேன். தொர, "போதும் ஆயா, வை"ன்னாரு.

வீரம்மா பேர வெட்டல. பிள்ளைக்காம்பராவுக்கு இனிமே அவதான் பெரிய ஆயா. என்னயத்தான் எடுத்துட்டாங்க. நாளையிலருந்து புல்லு வெட்டுற கெழவிகளோட பேர் போட்டிருக்கு. காம்பராவ எடுக்கல. நீ பயந்த மாதிரி நடக்கல, ஆனா நடந்திருந்தாலும் நான் போயிருப்பேன். பதினெட்டுப் பிள்ளைங்க முழிக்கிற நேரத்துல நான் மலயில இருப்பேன்.

மூக்கன் கைக்கி மரப்பட்ட வச்சிக் கட்டியிருக்கு. ராசம்மாகிட்ட நானே போயிச் சொன்னேன். அடிப்பான்னு நெனச்சேன். அடிக்கல. "நீங்கதானே அவனுக்கு மூக்குக் குத்துனீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

கித்தார இனிமே பெட்டிக்குள்ள வைக்கல. சாயங்காலம் வேல விட்டு வந்து, எல்லார் கண்ணு முன்னாலயும் வாசல் திண்ண இஸ்தோப்புல ஒக்காந்து வாசிக்கிறேன். ஆவணியில நீ வந்து எடுத்துக்க, அது ஒன் சாமான். நேத்து வாசிக்கிறப்ப லயத்துல பத்துக் கதவு தொறந்து இருந்துச்சு. ராசம்மா கதவு மட்டும் சாத்தியிருந்துச்சு. சாத்தட்டும். அவ சாத்துறதுல ஞாயம் இருக்கு.

நீ எதுக்குய்யா சாத்துற? ஒரு வரி போடு.

ஒன் அத்தை
பேச்சியம்மா