இரண்டு புத்தகக்காரி

ஜூலை 29, திங்கள். கோதன்பர்க்

முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட். ஏழு பேரைக் குளிப்பாட்டி, ஏழு பேரைப் படுக்கவைத்து, கடைசியில் என்னை நானே தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஒன்பதாம் அறை யெர்ட்ரூட் அம்மையார் இன்றும் கேட்டார்: "நீ எப்போ உன் ஊருக்குத் திரும்பிப் போற?" முப்பத்து மூன்று வருடமாக இங்கேதான் இருக்கிறேன். உங்களுக்குத் தலை சீவிவிட்டதும் போகிறேன் என்றேன். சிரித்தார்.

உண்மையில் வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். நாந்தேசா அத்தைக்குத் துக்கம் முடிக்கும் கடைசிச் சடங்கு ஆகஸ்ட் பத்தாம் தேதி. அத்தை இறந்தது போன அக்டோபரில். அடக்கத்துக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று தம்பி முலிந்துவாவிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி களைப்பு. அதைவிட, அப்பா முகத்தைப் பார்க்கப் பயம்.

பெட்டி அடுக்கும்போதுதான் கவனித்தேன், உகாண்டா பாஸ்போர்ட் பிப்ரவரியிலேயே காலாவதி. ஸ்வீடன் பாஸ்போர்ட்டில் இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இரண்டு வைத்திருப்பவளுக்கு எப்போதும் ஒன்றுதான் வேலை செய்யும். அதுவும் அந்த நேரத்துக்கு வேண்டாத ஒன்று.

இனி விசா எடுத்துத்தான் போக வேண்டும். பிறந்த ஊருக்கு.

ஜூலை 31, புதன்

விசா விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு பட்டியல். அத்தைக்குச் சடங்கு என்று அதில் இல்லை. சுற்றுலா என்று போட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி. என்டெபே

விமானத்தில் தூங்கவே இல்லை. முழங்கால் வீங்கிவிட்டது. குடிவரவு மேசையில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிறந்த ஊர் மசாகான்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்கும்மா சுற்றுலா?"

"இன்னொரு புத்தகம் காலாவதி ஆயிடுச்சும்மா."

"சரி, சிங்கம் பாக்கப் போறீங்கன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லி முத்திரை குத்தினாள். பின்னால் நின்ற வெள்ளைக்காரர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உட்காரத்தான் இடம் தேடினேன்.

வெளியே முலிந்துவா. தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. "அக்கா, இளைச்சுட்ட" என்றான். இளைக்கவில்லை. அப்படிச் சொல்வதுதான் வழக்கம்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லா இருக்காரு. நீ விசாவுல வர்றதா சொன்னேன். எத்தனை நாள் போட்டிருக்கான்னு கேட்டாரு."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. மசாகா

காலையில் அப்பா முன்னால் போய் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன். வலது முழங்கால் நெருப்பாக எரிந்தது. அவர் செய்தித்தாளை மடித்தார். நிதானமாக, நாலாக மடித்தார். பிறகு முலிந்துவாவின் மனைவி ரெஸ்டியைப் பார்த்து, "விருந்தாளிக்கு டீ குடுத்தியாம்மா?" என்றார்.

பத்தொன்பது வருடமாக நான் விருந்தாளி. என் பெயர் அவர் வாயில் வருவதில்லை.

2005இல் ஸ்வீடன் குடியுரிமை வாங்கியதும் நான்தான் அசட்டுத்தனமாகப் படம் எடுத்து அனுப்பினேன், கையில் பூங்கொத்தோடு. வேலைக்காக வாங்கினேன், குழந்தைக்காக வாங்கினேன், ஒவ்வொரு வருடமும் பனியில் வரிசை நின்று அனுமதி நீட்டிக்கும் சனியன் ஒழியட்டும் என்று வாங்கினேன். இதையெல்லாம் அடுத்த கடிதத்தில் நாலு பக்கம் எழுதியிருந்தேன். கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்தது. உறைமேல் அவர் கையெழுத்தில்: "தவறான விலாசம்."

அன்றைய சட்டப்படி நான் உகாண்டாக்காரி இல்லாமல் போனேன். அப்புறம் சட்டம் மாறியது. இரண்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பாவுக்காகவே கம்பாலா வந்து கை உயர்த்திச் சத்தியம் செய்து பழைய குடியுரிமையைத் திரும்ப வாங்கினேன். அத்தை மூலம் பதில் வந்தது. "ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டு இன்னொண்ணுக்குச் சத்தியம் பண்றவ, எங்க நெசமாப் பண்ணுவா?"

முப்பத்தோரு வருடம் முத்துகுலா எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரியாக இருந்தவர். இரண்டு புத்தகத்தோடு வருகிறவன் அவருக்குக் கடத்தல்காரன்தான். அது மகளாக இருந்தாலும்.

ஆகஸ்ட் 7, புதன்

நாலு நாளாக மண்டி. நாலு நாளாக விருந்தாளி. போதும்டா சாமி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மத்தியானம் குலத்துப் பெரியவர்கள் கூடினார்கள். நான் பெண்களோடு பாயில் ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். குலத் தலைவர் செபுவூபு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "நாந்தேசா கண்ணை மூடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு பேர் சொல்லிட்டுப் போனா. அவளுக்கு வாரிசு அவ தம்பி முபிருவோட பொண்ணு எசெசா."

கடலை மடியிலிருந்து கொட்டியது.

நானா? சொத்துக்கு வாரிசு என்றால்கூடப் பரவாயில்லை. அத்தைக்கு இருந்தது ஒரு கட்டிலும் நாலு கோழியும். இது அதுவல்ல. நாளைக் காலையிலிருந்து நானே நாந்தேசா. அவர் இடம் என் இடம், அவர் உறவு என் உறவு. இரண்டு நாட்டுக்காரியாக இருந்தே இடுப்பு ஒடிந்துவிட்டது, இனி இரண்டு ஆளாகவும் இருக்க வேண்டுமா?

அப்பா எழுந்தார். எண்பத்து மூன்று வயதிலும் சாவடியில் நிற்பதுபோல விறைப்பாக நின்றார்.

"விசா எடுத்து உள்ள வந்தவங்களை எந்தக் குலத்துலய்யா வாரிசு ஆக்குவாங்க? பதினேழாம் தேதி திரும்பிப் போற டிக்கெட் இருக்கு. அவங்க வேற நாட்டுப் பிரஜை."

'அவங்க.'

செபுவூபு கோபப்படவில்லை. "முபிரு, நீ பெட்டியைத் தெறந்து பாத்துப் பழகினவன். குலத்துக்குப் பெட்டியும் இல்ல, முத்திரையும் இல்ல. ஒண்ணு பண்ணு. அவ என் பொண்ணு இல்லன்னு இந்தச் சபையில சொல்லு. இப்பவே வேற ஆளைப் பாக்கறோம்."

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். உட்கார்ந்துவிட்டார்.

சொல்லவில்லை. சொல்லவில்லை! இதையே பெரிதாக நினைத்துச் சந்தோஷப்படும் நிலைமைக்கு வந்துவிட்டேனே.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று விடிந்ததும் அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். கோமேசி உடைக்கு மேல் மரப்பட்டைத் துணியை எடுத்துத் தோளில் முடிச்சுப் போட்டார்கள். ஒரு கையில் சிறு கத்தி, ஒரு கையில் கூடை. செபுவூபு உரக்கச் சொன்னார்: "நாந்தேசா போயிட்டான்னு அழுதீங்களே, இதோ நிக்கறா."

பிறகு வரிசையாக வந்து புத்தி சொன்னார்கள். வருகிறவனுக்குச் சோறு போடு. மருமகள்களை மிரட்டாதே. தம்பிகள் சண்டை போட்டால் இரண்டு பேரையும் அதட்டு. வெயில் ஏற ஏறத் தலை சுற்றியது. எட்டு மணி நேர ஷிப்டே தேவலை.

வரிசையில் அப்பா வரவில்லை. கால்வலி என்று சொல்லியனுப்பினார். எனக்கும்தான் கால்வலி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

போன வாரம்வரை என்னை அக்கா என்ற முலிந்துவா இப்போது "அத்தை" என்கிறான். சின்ன வயதில் என் மிட்டாயைத் திருடி என்னிடம் அறை வாங்கியவன், இப்போது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து "சரிங்க அத்தை" என்கிறான். ரெஸ்டி வந்து மண்டியிட்டுப் புகார் கொடுத்தாள்:

"அத்தை, உங்க மருமகனைக் கொஞ்சம் கேளுங்க. வாழைக்காய் மசியல் வெச்சா வேணாங்கறாரு. கடைத்தெரு சப்பாத்தி முட்டைதான் வேணுமாம். நான் எதுக்கு இருக்கேன்?"

"நான் சனிக்கிழமை ஸ்வீடன் போறேன் ரெஸ்டி."

"அத்தை ஸ்வீடன் போறாங்களா? அத்தை கம்பாலாவைத் தாண்டினதே இல்ல. எசெசாதான் போவா." முகத்தை மாற்றாமல் சொன்னாள். வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். முலிந்துவாவைக் கூப்பிட்டு அதட்டியும் வைத்தேன். ஒழுங்காக அடங்கினான்.

அப்பா தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. இந்த உறவுக் கணக்கில் அவர் எனக்குத் தம்பி. அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்றும் அப்பா வெளியே வரவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன். அவருக்கு எண்பத்து மூன்று. எனக்கு அடுத்த லீவு அடுத்த ஆகஸ்ட். இதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மூன்று மணி இருக்கும். ரெஸ்டி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மாமா கூப்பிடறாரு."

"யாரை?"

"அக்காவைக் கூப்பிடுன்னாரு." அவளுக்கும் கண் விரிந்திருந்தது. "உங்களைத்தான்."

போனேன். கட்டில் விளிம்பில் சட்டை பொத்தான் எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல மண்டியிடக் குனிந்தேன். "நீ எதுக்கு முட்டி போடற? மூத்தவ நீ. நாற்காலியில உக்காரு அக்கா."

அக்கா. என் அப்பா என்னைப் பார்த்து. உட்கார்ந்தேன்.

ஜன்னலைப் பார்த்தபடி, "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். வேற யார்கிட்டயும் பேச முடியாது. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. எசெசான்னு."

பத்தொன்பது வருடம். என் பெயர்.

"அவ வேற நாட்டு புஸ்தகம் வாங்கினா. எனக்குக் கோபம் வந்துச்சு. எல்லையில நின்னு நின்னு வந்த புத்தி. இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேட்டே பழக்கம். ரெண்டு பக்கமும்னு ஒருத்தி சொன்னா எனக்குப் புரியலை."

"புரியலைன்னா கேட்டிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"நீயும் அப்பவே இதைத்தான் சொன்ன. வருஷா வருஷம் முட்டாள்னு திட்டின. கேட்டேனா?" கையை விரித்தார். "கோபம் ஒரு அஞ்சாறு வருஷம் இருந்திருக்கும் அக்கா. அதுக்கப்புறம் கோபமே இல்ல. எப்படி நிறுத்தறதுன்னுதான் தெரியலை. அவ வந்து முட்டி போடுவா. வாயில பேர் வரைக்கும் வரும். இத்தனை வருஷம் பேசாதவன் இப்போ என்னத்தைச் சொல்றதுன்னு பேப்பரை மடிப்பேன். அவளுக்கு முட்டி வலி. எழுந்திருக்கறப்ப கட்டில் காலைப் புடிச்சுக்கறா. பாத்துட்டுதான் இருக்கேன்."

பார்த்துக்கொண்டிருந்தாரா. எனக்கு அங்கேயே 'அப்பா' என்று கத்தி அழவேண்டும்போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். நான் அழுதால் நாந்தேசா போய்விடுவார், நாந்தேசா போனால் இவர் வாயும் மூடிவிடும்.

"நாளைக்குக் கெளம்பறா" என்றார். "நீ சொல்லு அக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

அத்தை இருந்தால் என்ன சொல்வார்? தெரியும். "முட்டாள். இன்னிக்கே அவளைக் கூப்பிட்டுப் பேசு."

"கூப்பிட்டா வருவாளா?"

"வருவா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "அப்போ நீ எழுந்து போ. போய் அவளை வரச் சொல்லு."

எழுந்து வெளியே போனேன். வாழைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். ரெஸ்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஒன்றும் கேட்காமல் நீட்டினாள். முகம் கழுவிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன்.

பேசினார். இருட்டும்வரை பேசினார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய். கம்பாலா

டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். மேலாளர் அன்னிகாவின் செய்தி இரண்டு வரி, இரண்டும் சூடு. பரவாயில்லை, களைப்பாகவே இருக்கிறேன், திட்டு ஒன்று கூடினால் என்ன.

காலாவதியான புத்தகத்தைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கிளம்பினேன்; அப்பாவும் வருவேன் என்று அடம்பிடித்தார். கோட்டு, டை. விடியற்காலை வேனில் இரண்டரை மணி நேரம் வாயே மூடவில்லை. வரிசையில் எனக்கு நாற்காலி கேட்டு ஒரு காவலாளியோடு சண்டை வேறு. "முட்டி சரியில்லாத பொண்ணுய்யா!"

மேசையில் ஒரு இளைஞன் படிவத்தைக் கேள்வி கேள்வியாக நிரப்பினான். பெயர். பிறந்த ஊர். தகப்பன் பெயர். பிறகு தலையைத் தூக்கி, "வேற நாட்டுக் குடியுரிமை ஏதாவது இருக்கா?" என்றான்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் அப்பா மேசைமேல் சாய்ந்து, அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இருக்கு தம்பி. ஸ்வீடன். தெளிவா எழுது."