கப்பலில் நீ பார்க்கிற தண்ணி

இயேசு மரி சூசை

தாராவி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜோஸ்பினுக்கு அம்மா எழுதுவது. சுகம் விசாரிப்பதற்கு முன்னால் போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், பிறகு ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. செம்பூர் திலக் நகரிலிருந்து வந்த டேனி, அவன் அப்பா ஆபிரகாம், அவன் அம்மா பிலோமினா. நம் பக்கம் உன் அப்பாவின் அக்கா சொர்ணம்மாள், உன் அண்ணன் இஞ்ஞாசி, அவன் பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். அடுத்த வீட்டு நூர் நிஷா நாற்காலி கொடுக்க வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். உன் அப்பா சுவரில் படமாக இருந்தார், அவரைச் சேர்க்கவில்லை.

இப்போது சுகம். ஆண்டவர் புண்ணியத்தில் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீ தண்ணீர் மேலேயே இருக்கிறாய், மாதா உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். உன்னோடு வேலை செய்கிற செம்பூர் சாஹில் வெள்ளிக்கிழமை கப்பலேறப் புறப்படுகிறான் என்றாய் அல்லவா, அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் கப்பல் போன் பாதியில் அறுந்துபோகும், இது பாதியில் அறுந்துபோகக் கூடாத விஷயம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்தாய், எழுத்துக்கூட்டியாவது நீயே படி, சாஹிலிடம் கொடுத்துப் போனில் மொழி மாற்றிப் படிக்கச் சொல்லாதே. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

அவர்கள் வந்தது எதற்கு என்று உனக்குத் தெரியும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயில் பூசையில் அறிவிக்கிற உன் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிக்க. நீயும் டேனியும் எட்டு மாதமாகப் பேசிச் சம்மதம் என்று சொன்ன பிறகுதான் நானும் வரச் சொன்னேன். நீ லீவில் இறங்குவதற்குள் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து முடிந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், நான் மூன்று தம்ளரில் தண்ணீர் வைத்தேன். மூன்றும் வைத்தது வைத்தபடியே இருந்தது. பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும், ஆனால் அது சாப்பாட்டுக்குத்தானே, வெறும் தண்ணீருக்கு என்ன. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பிலோமினா தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எங்க கோயில்ல ஓலை வாசிச்சா நாலு பேர் நாலு கேள்வி கேப்பாங்க, பொண்ணு கப்பல்ல தண்ணி வேலை பாக்குதுன்னு சொல்றாங்களே, நெசந்தானா’ என்றாள். நான் ஆமா என்றேன். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஆமா என்றேன். ‘தண்ணி வேலைதான், எம்மவ எந்நேரமும் தண்ணியிலயேதான் கெடக்கா, நாலாயிரம் பேரு அவ கையால வர்ற தண்ணியத்தான் குடிக்கான்’ என்றேன். அந்த அம்மா முகம் சுருங்கிப் போனது. ஆபிரகாம் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ‘நாங்களும் அதத்தாம்மா கேள்விப்பட்டோம்’ என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, இவ்வளவு பெரிய வேலைக்கு இந்த மனுஷன் ஏன் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி பேசுகிறார் என்று பார்க்கிறேன். வாசற்படியில் இருந்த நூர் நிஷா தலையில் அடித்துக்கொண்டு, ‘அக்கா, வாய மூடுங்க, அவங்க சராப்னு நெனச்சிட்டாங்க, சாராயம்’ என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ முதல் தடவை பிலோமினாவோடு போனில் பேசும்போது, தண்ணி டிபார்ட்மெண்ட்டில் இருக்கிறேன் ஆன்ட்டி என்று சொல்லியிருக்கிறாய். மராட்டிக்காரியிடம் பானி என்று சொல்லியிருந்தால் அவள் தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டிருப்பாள். நம் ஆட்களிடம் தண்ணி என்றால் குழாயில் வருவதும் அதுதான், பாட்டிலில் வைத்து விற்பதும் அதுதான். கப்பல் என்றாலே பார் இருக்கும், பாட்டு இருக்கும் என்று அந்த அம்மா யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள், தகப்பன் இல்லாத பிள்ளை அங்கே போய் யாருக்கோ ஊற்றிக் கொடுக்கிறது என்று முடிவு செய்துவிட்டாள். டேனி சொல்லியும் நம்பாமல் பூசை முடிந்து உன் அத்தையிடம் கேட்டிருக்கிறாள், செம்பூரில் இரண்டு பேருக்கும் ஒரே கோயில் அல்லவா. அதற்கு உன் அத்தை, ‘ஆமா, தண்ணிதான், என்ன செய்ய, தகப்பன் இல்லாமப் போச்சு’ என்று பெருமூச்சு விட்டிருக்கிறாள். இதை பிலோமினா அத்தையை வைத்துக்கொண்டே சொன்னாள். அத்தை பையிலிருந்து விசிறியை எடுத்து விசிறிக்கொண்டாள், தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு பிலோமினா உன் அண்ணன் பக்கம் திரும்பி, ‘தம்பி, நீங்க கப்பலுக்குள்ளயே போய்ப் பாத்தவங்களாமே, நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா சரி’ என்று கேட்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டிசம்பரில் உன் கப்பல் பம்பாய் துறைமுகத்துக்கு வந்தபோது வீட்டு ஆட்களுக்குப் பாஸ் கொடுத்தார்கள் என்று நீ அவனை அழைத்துப் போகவில்லையா, உங்கள் சாப்பாட்டு அறையில் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக் கொடுக்கவில்லையா. திரும்பி வந்து இந்தச் சந்து முழுக்கச் சொன்னான், ‘மொத தம்ளர நம்பாமக் குடிச்சேன், ரெண்டாவத ஆசையில குடிச்சேன்’ என்று. அந்த வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அவன் வாயைத் திறந்தால் போதும், பேச்சு முடிந்தது என்று இருந்தேன். அவன் அத்தையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, ‘எனக்கு சரியாத் தெரியாது ஆன்ட்டி, அவ வேலையப் பத்தி வீட்டுல நாங்க கேக்குறதில்ல’ என்றான்.

உன் அத்தைக்குத் தைரியம் வந்துவிட்டது. ‘சரி, குடிக்கிற தண்ணின்னே வச்சிக்குவோம், அதுல என்ன பெரும. நான் எம்மவனோட கோவா கப்பல்ல போனேன்ல, மூணு நாள் வயித்தால போயி நடக்க மாட்டாம எறங்கினேன். கக்கூஸ் தண்ணியச் சுத்தம் பண்ணி மறுபடி குழாயில விடுதான், அதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு யூனிபார்ம்’ என்றாள். பிள்ளைகள் சிரித்துவிட்டன, மருமகள் கிள்ளி அடக்கினாள்.

ஜோஸ்பின், நீ ஒவ்வொரு வாரமும் எனக்குச் சொன்னதெல்லாம் அப்போது வரிசையாக வந்து நின்றது. ஆபிரகாம் செம்பூரில் ஒரு ஃபேக்டரியில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர், அவருக்கும் தண்ணீர் தெரியும். எங்கிருந்து வருகிறது அந்தத் தண்ணீர் என்று கேட்டார். கரையில் நிற்கும்போது ஊர்த் தண்ணீரை ஏற்றுவார்கள், அதையும் சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள், நடுக்கடலில் கடல் தண்ணீரைக் காய்ச்சி ஆவி பிடித்துக் குளிர வைப்பார்கள், இல்லாவிட்டால் உப்பைத் தடுக்கிற மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுவார்கள், கரைக்குப் பக்கத்தில் கடல் அழுக்கு, அங்கே எடுக்கவே மாட்டார்கள் என்றேன். காய்ச்சி எடுத்த தண்ணீரில் சத்து இருக்காதே, குழாயையும் அரிக்குமே என்று மடக்கினார். அதற்குத்தான் சுண்ணாம்புச் சத்துள்ள கல் வழியாக விடுகிறார்கள் என்றேன். அவர் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். குளோரின் எங்கே பார்ப்பார்கள் என்றார். தொட்டிப் பக்கத்தில் மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், எம்மவள் கப்பலின் கடைசி முனையில் இருக்கிற குழாய் வரைக்கும் நடந்து போய்ப் பார்ப்பாள் என்றேன். கழிவுத் தண்ணீர் குழாய் தனி, குடிக்கிற தண்ணீர் குழாய் தனி, நிறம் அடித்து வைத்திருக்கிறார்கள், நாம் வீட்டில் நல்ல தண்ணிக் குடத்தையும் புழங்குகிற தண்ணி வாளியையும் பிரித்து வைப்பதைப் போல, அதனால் டெக் கழுவுகிற குழாயில் வாய் வைக்கக் கூடாது, அறைக் குழாயில் குடிக்கலாம் என்றேன். குளோரின் குறைந்துவிட்டால் என்று கேட்டார். போன ஈஸ்டருக்கு ஒரு தளம் முழுக்க நீ குழாயை மூடினாயே, பெரிய அதிகாரி பயணிகள் சத்தம் போடுகிறார்கள் திற என்றபோது, மீட்டர் சரி என்று சொன்னால் திறக்கிறேன் சார் என்று அரை நாள் நின்றாயே, அதைச் சொன்னேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன், அதை நீ மன்னிக்க வேண்டும். அப்படியென்றால் எல்லாக் கப்பல் குழாயிலும் நம்பிக் குடிக்கலாமா என்றார். ‘எல்லாக் கப்பலுக்கும் நான் எப்படிச் சொல்லுவேன், எம்மவ பாக்குற கப்பலுக்குச் சொல்லுதேன்’ என்றேன்.

பிறகு உன் அத்தை பக்கம் திரும்பினேன். ‘மதினி, நீங்க கோவா போயிட்டு வந்தது பிப்ரவரி, சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்திய. வீட்டுலேர்ந்து பன்னெண்டு பாட்டில் தண்ணி கொண்டு போனேன், நாலு பாட்டில் அப்படியே திரும்பக் கொண்டு வந்தேன், பல்லு கூட பாட்டில் தண்ணியிலதான் தேச்சேன், கப்பல் தண்ணியத் தொடவே இல்லன்னு சொன்னிய. தொடாத தண்ணி எப்படி வயித்தக் கெடுத்துச்சு’ என்று கேட்டேன். அவள் விசிறி நின்றது. நான் விடவில்லை. ‘சாப்பாட்டு வாசல்ல ஒருத்தன் நின்னு கை கழுவச் சொன்னான், நான் என்ன சின்னப் பிள்ளையான்னு தள்ளிட்டுப் போனேன்னும் சொன்னிய. எம்மவ சொல்லுவா, கப்பல்ல வயித்து நோய் பெரும்பாலும் கை வழியாத்தான் பரவுதுன்னு’ என்றேன். நூர் நிஷா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆபிரகாம் முன்னால் இருந்த தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். ‘நான் முப்பது வருஷம் பாய்லருக்குத் தண்ணி பாத்தேன். இந்தப் பொண்ணு மனுஷனுக்குப் பாக்குது. ஓலையக் கொடுங்கம்மா’ என்றார். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டேனி, ‘இதையேதான் நான் எட்டு மாசமா சொன்னேன், மகன் சொன்னா யாரு நம்புறா’ என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் முதல் மூன்று ஞாயிறும் இரண்டு கோயிலிலும் வாசிக்கிறார்கள். இடியாப்பமும் கோழிக் குழம்பும் வைத்திருந்தேன், எல்லோரும் கை நனைத்துவிட்டுத்தான் போனார்கள்.

உன் அத்தையை நினைத்து நீ மனம் வருந்தாதே. நாற்பத்து மூன்று வருஷமாக அவளைப் பார்க்கிறேன், என் கல்யாணத்தன்று என் நிறத்தைப் பற்றி அவள் சொன்னது எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். இருந்தாலும் இது வேறு. அவள் உன் கப்பலைப் பார்த்தவள் இல்லை, தெரியாமல் பேசினாள், தெரியாமல் பேசுவதுதான் அவள் பிழைப்பு. போகும்போது அவளுக்கும் ஒரு தூக்கில் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

நாலு வீட்டுக்கு ஒரு குழாய் என்று இருந்த சந்தில் பிறந்தவள் நீ. இன்றைக்கு எந்தெந்த தேசத்துக்காரனோ நீ சரி என்று சொன்ன பிறகு தம்ளரை வாயில் வைக்கிறான். இதை நான் ரேஷன் கடையில் சொல்கிறேன், மருந்துக் கடையில் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் இனிமேல் தண்ணீர் என்று முழுசாகச் சொல்கிறேன், நீயும் அப்படியே சொல். யார் அவசரப்படுத்தினாலும் மீட்டர் சொல்வதைத்தான் கேள். ஊருக்கெல்லாம் பார்த்துவிட்டு நீ குடிக்க மறந்துபோகாதே, போன தடவை உதடு வெடித்து வந்தாய். ஞானஸ்நானச் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பு, சாமியார் கேட்கிறார். மாதா உனக்குத் துணை இருப்பாள், நீ கால் வைக்கிற கப்பல் எல்லாம் கரை சேரும், உன் கைபட்ட தண்ணீர் குடித்தவர்கள் எல்லோரும் சுகமாக இருப்பார்கள்.

உன்னைப் பெற்ற
லூர்து மேரி

கையெழுத்துப் போட்ட பிறகு இதையும் எழுதுகிறேன், ஒளித்து வைத்தால் எனக்கு ஜெபம் ஓடாது. அவர்கள் போன பிறகு உன் அண்ணனைக் கேட்டேன், உனக்குத் தெரியாதா, நீ குடிக்கவில்லையா என்று. ‘அத்தை முன்னாடி என்னத்தம்மா சொல்ல, அவ மவன் ஒர்க்‌ஷாப்புலதான நான் நிக்கேன்’ என்றான். சீடர் இராயப்பரும் பயத்தில் இயேசுவை எனக்குத் தெரியாது என்று சொன்னவர்தான், ஆனால் அவர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். இவன் வெளியே போய் டீ குடித்தான். நீ அவன் தங்கச்சி, உனக்கு மனசு வந்தால் மன்னித்துக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். தெரியாமல் பேசியவர்களை எல்லாம் விட்டுவிட்டேன். தெரிந்தும் பேசாதவன் ஒருத்தன்தான், அவனை நான் மன்னிக்க மாட்டேன், நான் பெற்ற மூத்தவன் இஞ்ஞாசி.