இரட்டைப் படிகள் நீக்கப்படும்

பதிவு 1. காலை 9.10

கலத்தின் அழுத்தம் சரி. சுற்றுப்பாதை சரி. இதைக் கண்டெடுப்பவருக்கு என் வணக்கம்.

என் பெயர் ஆராவமுதன். நிலவைச் சுற்றிவரும் நூலகக் கலத்தின் ஒரே பணியாளன். கீழே கருநிழல் குடியிருப்பில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கும் எல்லா நூல்களும் இங்கிருந்துதான் போகின்றன. இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆகவே குடியிருப்பின் மேலாளர் பரிமளா அம்மையார், சமூக வலைக் கருவிகளைப் பரிசோதித்துக் குறிப்பு எழுதும்படி பணித்திருக்கிறார். 'முற்றம்' என்பது அவர்களுடைய பொதுப்பலகை. முதல் வாரப் பரிசோதனை முடிந்துவிட்டது. என் குறிப்புகள், பிழை இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு:

1. நூல் அறிமுகங்களை முற்றத்தில் இட்டால் ஓரளவு பார்க்கிறார்கள். படம் சேர்த்தால் கூடுதலாக.

2. குரல்பதிவு பயனற்றது. ஒரு சிறுகதையைத் தொடராக வாசித்து இட்டேன். யாரும் கடைசிவரை கேட்பதில்லை.

3. கேலி வரும். பொறுத்துக்கொள்ளலாம்.

4. வடிகட்டி என்னும் கருவி மிக நல்லது. முற்றத்தில் குவியும் செய்திகளில் எதை நீக்குவது என்று அது என்னிடம் கேட்டது. நூலகங்களில் நூல் கழிக்கும் முறையைச் சொன்னேன்: நெடுநேரம் யாரும் எடுக்காதது பின்னறைக்குப் போகட்டும், ஒரே பொருள் மறுபடி வந்தால் இரட்டைப் படி, நீக்கிவிடலாம். விதிவிலக்கு உண்டா என்று கேட்டது. இல்லை, எல்லாருக்கும் ஒரே விதி என்றேன்.

பதிவு 2. பகல் 12.40

நான்காம் குறிப்பு அம்மையாருக்குப் பிடித்திருக்கிறது. குரல் அனுப்பியிருந்தார்:

"ஐயா, முற்றம் இப்பதான் சுத்தமா இருக்கு. அதே புகார, அதே வாழ்த்த நூறு தடவ பாக்க வேண்டியதில்ல. இனிமே எல்லாச் செய்தியும் இது வழியாத்தான். தனியா அவசர மேசை எதுக்கு? எனக்கு வர்றதும் இதுல வடிஞ்சே வரட்டும். மூடிட்டேன்."

மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு ஓர் ஐயம் எழுந்தது. மேலாளரிடம் போய் ஐயம் சொல்வது முறையா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

பதிவு 3. மறுநாள் காலை 7.05

பனிக்குழியிலிருந்து அழைப்பு. குடியிருப்புக்கு அப்பால், மலை விளிம்புக்குப் பின்னால், பனி வெட்டும் பள்ளத்தில் ஜெசிந்தா தனியாக முறைப்பணியில் இருக்கிறாள். தூத்துக்குடிக்காரி. மலை மறைப்பதால் அவள் குரல் முதலில் என் கலத்துக்கு ஏறி, பிறகுதான் முற்றத்துக்கு இறங்கும்.

"அண்ணாச்சி, காத்து மிஷினு நின்னுபோச்சு. சிலிண்டர்ல உள்ளது இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் வரும். என் வண்டி பேட்டரியும் செத்துக் கெடக்கு. கொட்டகையில இருந்து ஒரு வண்டிய அனுப்பச் சொல்லுங்க. நாலு மணி நேரத்துல வந்துரலாம்."

முற்றத்தில் இட்டேன். எழுந்திருக்கும் நேரம், எல்லாரும் காலைச் சமையல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை. செய்தி பின்னறைக்குப் போனது.

பதிவு 4. காலை 8.20

அவசர அழைப்பைச் சொல் மாறாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி. ஜெசிந்தா அப்படியே செய்கிறாள். ஒவ்வொரு முறையும் முற்றத்தின் பதில்: "இப்பொருளில் ஏற்கெனவே ஒரு படி உள்ளது. இரட்டைப் படி நீக்கப்பட்டது."

அம்மையாருக்குத் தனியாக எழுதினேன். அதே பதில்.

வடிகட்டியின் விதியை மாற்ற முயன்றேன். குடியிருப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டுமாம். காரணத்தோடு குழுவுக்கு எழுதினேன். இரட்டைப் படி.

இந்த விதி என்னுடையது. மிகத் தெளிவாக எழுதியிருக்கிறேன். ஓட்டை ஏதும் இல்லை.

பதிவு 5. காலை 9.30

ஒரு வழி தோன்றியது. பொருள் மாறினால் வடிகட்டி அதை உள்ளே விட்டுவிடும். ஜெசிந்தாவிடம் சொன்னேன்: ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது சேர்த்துப் பேசு, நடுவில் செய்தியைச் சொல், குரல்பதிவாக இடுகிறேன்.

"மூச்சு முட்டப் போகுற நேரத்துல கத சொல்லச் சொல்லுதியளே அண்ணாச்சி! உங்களுக்கே நல்லாருக்கா?"

நல்லாயில்லை என்றேன். வேறு வழி தெரியவில்லை என்றேன். சிரித்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஏ கொட்டகைக்காரவுகளே! போன மாசம் டில்லிபாபு பிரியாணிப் பொட்டலத்த யாரு தின்னான்னு ஊரே தேடுனிய இல்ல, நாந்தான். முட்டைய மட்டும் விட்டு வச்சேன், பாவம்னு. அதுக்குப் பழி வாங்கணும்னா வண்டிய எடுத்துட்டு இங்க வரச் சொல்லுங்க. காத்து தீரப் போகுது. நெசமாத்தான் சொல்லுதேன்."

ஏற்கப்பட்டது. பலகையில் மேலே ஏறுகிறது. பார்க்கிறார்கள்!

பதிவு 6. காலை 10.15

பதில்கள் வந்துவிட்டன. அப்படியே எழுதிவைக்கிறேன்.

வண்டிக் கொட்டகை டில்லிபாபு: "இன்னா தாத்தா, என் பிரியாணியையே கதையில இஸ்த்து உட்டுட்டியா? ஜெசி செம்மையா நடிக்குது. அடுத்தது எப்போ?"

சமையற்கூடத்து கோகிலா: "நூலகத் தாத்தாவோட புதுத் தொடர் சூப்பர். போன தடவ வாசிச்சது தூக்கம் வந்துச்சு. இது பரவால்ல."

போன வாரம் நான் வாசித்த தொடரின் அடுத்த பகுதி என்று எண்ணிவிட்டார்கள். அதே கணக்கிலிருந்து, அதே தலைப்புப் படத்தோடு வந்ததால். தலைப்புப் படத்தை நான்தான் நிலையாக வைத்தேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று.

பதிவு 7. காலை 10.50

"இது கதையல்ல, உண்மை" என்று எழுதினேன்.

டில்லிபாபு: "எல்லாக் கதையிலயும் இதான் சொல்வாங்கோ. கில்லாடி தாத்தா நீ."

மறுபடி எழுதினேன். இரட்டைப் படி.

என் முகத்தைக் காட்டிக் காணொளி இட்டேன். மூக்குக்கண்ணாடி நழுவியது. யாரோ அதற்குத் தாளம் சேர்த்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள். என் தாடை ஆடும் இடம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு இரட்டைப் படி விதி இல்லை போலிருக்கிறது. தாளம் ஒவ்வொன்றிலும் வேறாம்.

பதிவு 8. பகல் 1.00

வண்டி கிளம்ப வேண்டிய நேரம் நெருங்குகிறது. இரண்டு மணிக்குள் கிளம்பாவிட்டால் பயனில்லை.

முற்றமும் என் கலத்தின் இணைப்பில்தான் ஓடுகிறது. அது முழுவதையும் நான் அணைக்கலாம். முற்றம் இருண்டால் யாராவது என்னவென்று பார்ப்பார்கள். ஆனால் ஜெசிந்தாவின் குரலும் அதே இணைப்பில்தான் வருகிறது. அணைத்தால் அவள் தனியாகிவிடுவாள். மேலும் அனுமதியின்றி அணைப்பது விதிமீறல். இரு பக்கமும் எழுதிப் பார்த்தேன். காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். இரட்டைப் படி.

"அண்ணாச்சி, வண்டி கெளம்பிட்டா?"

"எல்லாரும் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் அம்மா" என்றேன். அது பொய்யல்ல.

பதிவு 9. பகல் 2.25

இன்னும் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இரண்டு மணி கடந்துவிட்டது.

அம்மையாரிடமிருந்து குரல்: "ஐயா, குடியிருப்பே உங்க தொடரப் பத்தித்தான் பேசுது. நூலகம் பொழச்சுக்கிச்சு போங்க! ஜெசிந்தா பொண்ணுக்கு இவ்ளோ திறமையா? முறைப்பணி முடிஞ்சு வரட்டும், பாராட்டு விழா வச்சிருவோம்."

பதில் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று நினைவில்லை. பெரிய எழுத்துகளில் இல்லை, தமிழில் அது கிடையாது. கெஞ்சி எழுதினேன். "இப்பொருளில் ஏற்கெனவே ஒரு படி உள்ளது."

பதிவு 10. மாலை, நான்கு மணி போல

இணைப்பை அணைக்கப் போனேன். இனி வண்டி கிளம்பினாலும் நேரத்துக்குள் போகாது. ஆனாலும். கையை வைத்தேன். அப்போது அவள் பேசினாள்.

"அண்ணாச்சி, இருக்கியளா?... போயிராதிய. வண்டி வரல, என்ன? தெரியும். எனக்குத் தெரியாதா. நீங்க பயந்தாங்குளின்னு எல்லாத்துக்கும் தெரியும்... பரவால்ல. பேசிக்கிட்டு மட்டும் இருங்க. என்னத்தயாவது வாசிங்க. தூக்கம் வர மாதிரி."

வாசித்தேன். கையை எடுத்துவிட்டேன். அவள் பக்கத்து ஒலி பதிவாகிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்தேன். மறக்கவில்லை. நிறுத்தினால் அவள் முடிந்துபோவாள் என்று.

கதை பாதியில் இருக்கும்போது அவள் "ம்" கொட்டுவது நின்றது. பிறகு மூச்சு மட்டும். பிறகு அதுவும்

நான் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

பதிவு 11.

நேரம் பார்க்கவில்லை.

அந்த ஒலி தானாகவே முற்றத்துக்குப் போயிருக்கிறது. வடிகட்டி அதை ஏற்றுக்கொண்டது. அதுபோல் ஒன்று அங்கே முன்பு இருந்ததில்லை.

டில்லிபாபு: "அந்த மூச்சு சவுண்டு எப்டி தாத்தா பண்ண? மெர்சலாயிட்டேன். புல்லரிக்குது. ஆனா முடிவு சொல்லாம உட்டியே, நியாயமா?"

கோகிலா: "நான் அழுதே போட்டேன். அடுத்த பகுதில அவள உயிரோட கொண்டு வந்துருங்க தாத்தா, ப்ளீஸ்."

அம்மையார்: "வடிகட்டி விதியை நிரந்தரமாக்கக் குழு ஒப்புக்கொண்டது. வாழ்த்துகள். பரிசோதனைக் குறிப்பில் திருத்தம் இருந்தா இன்னைக்கே அனுப்புங்க."

அனுப்ப வேண்டும். நான்காம் குறிப்பிலிருந்து தொடங்க நினைத்தேன். கை வரவில்லை. சரிபார்க்க முடிந்த ஒன்றையாவது திருத்துகிறேன்.

கடைசிக் குரல்பதிவின் கணக்கைப் பார்த்தேன். பெரும்பகுதி மூச்சு, பிறகு நான் வாசிப்பது, பிறகு ஒன்றுமில்லை. இருநூற்றுப் பதின்மூன்று பேர் திறந்திருக்கிறார்கள். அதாவது அவளைத் தவிர எல்லாரும். ஒருவர்கூட நடுவில் நிறுத்தவில்லை.

திருத்தம்: இரண்டாம் குறிப்பு தவறு. கடைசிவரை கேட்கிறார்கள்.