சிவப்புப் பொத்தானும் கடைசிக் கேள்வியும்

அன்புள்ள என் வால் மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் முக்கால் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நாங்களாகவே நம்பிக்கொண்டிருக்கிறோம், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே. உன் சித்தப்பா புதிதாகக் கண்ணாடி போட்டிருக்கிறான், போட்ட பிறகுதான் எனக்கு எவ்வளவு நரைத்திருக்கிறது என்று தெரிந்ததாம், அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

முக்கிய விஷயம் நீ அனுப்பிய பெட்டிதான். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனைப் பிடித்து, வேறு ஆள் இல்லை, சினிமா வகுப்பு எடுங்கள் என்று பள்ளியில் சொன்னது உனக்குத் தெரியும். கேமராக் கோணம், வெட்டி ஒட்டுவது பற்றிய அட்டைகள், துண்டுக் காட்சிகள் போட்ட பென்டிரைவ், கேள்வித் தாள்கள் என்று நீ அனுப்பியிராவிட்டால் இரண்டாம் வாரமே கையை விரித்திருப்பேன். முதல் பாடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு காட்சியைப் போடச் சொல்லியிருந்தாய். போட்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றது வகுப்பு. சத்தத்தைத் திருப்பி வைத்தால் அவர்கள் ஒரு கட்டிலை வாசல் வழியாக எப்படி வெளியே கொண்டுபோவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். நான் சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் நீ போட்டிருந்த கடைசிக் கேள்வி, 'இதை யாருக்காக எடுத்தார்கள்?' என்பதை மட்டும் நேரமில்லை என்று தாண்டிக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கே விடை தெரியவில்லை.

இதற்கு நடுவில் தலைமையாசிரியை ஒரு குண்டைப் போட்டார். பெற்றோர் கூடும் நாளில் வகுப்பே ஒரு நிமிஷப் படம் எடுத்துக் காட்ட வேண்டும், அது உருப்படியாக இல்லையென்றால் அந்தப் பாடவேளையைக் கணக்குக்கே கொடுத்துவிடுவாராம். அதாவது எனக்கே. என் பாடம் எனக்கு வந்துவிடக் கூடாதே என்று நானே தவித்தேன், பார்த்துக்கொள்!

பை ஒன்று தானாக மாடிப்படி இறங்கி வருவதாகப் பிள்ளைகள் கதை கட்டினார்கள். பிள்ளைகள் ஃபோன் கொண்டுவரக் கூடாது, அதனால் என் ஃபோன். என் ஃபோன் என்பதால் நான்தான் கேமராமேன். சாயங்காலம்வரை ஓடி ஓடி எடுத்துவிட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தால் பையையே காணோம். முதல் தடவை சிவப்புப் பொத்தான் சரியாக அழுந்தவில்லை போலிருக்கிறது, அதற்குப் பிறகு தொடங்க அழுத்தியபோதெல்லாம் நின்றிருக்கிறது, நிறுத்த அழுத்தியபோதெல்லாம் ஓடியிருக்கிறது. இருந்ததெல்லாம் படிக்கட்டு, என் செருப்பு, என் குரல். குரலாவது சும்மா இருந்ததா? இடைவேளையில் ஆய்வகப் பணியாளரிடம், "என் பொண்ணு சினிமா படிக்கப் போறேன்னப்ப ஆறு மாசம் அவகிட்ட பேசல. இப்ப அவ எழுதுன தாளை வச்சுத்தான் என் பொழப்பே ஓடுது. இத அவகிட்ட சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அழித்துவிடுங்கள் என்றேன். மறுநாளே கூட்டம், இருக்கறத வச்சே ஒட்டிடறோம் சார் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். உன் அட்டையில் சொன்னபடியே வெட்டி ஒட்டினார்கள், படியிறங்கும் என் கால்கள், அதன்மேல் என் குரல்.

கூடத்தில் போட்டபோது, பார்க்க வந்திருந்த அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு நான் கதவோரம் நின்றுகொண்டேன். செருப்பைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். குரல் வந்ததும் சிரிப்பு அடங்கியது. அம்மா திரும்பி என்னைத் தேடினாள். தலைமையாசிரியை எழுந்து நின்று கைதட்டினார், அடுத்த வருஷமும் வகுப்பு உண்டாம்.

அந்த ஆறு மாசம் உன்னோடு பேசாதது என் தப்பு, மகளே. பிள்ளைகள் கணக்கில் தப்பு செய்தால் அங்கேயே கோடு போட்டு அடித்துத் திருத்தச் சொல்கிறவன் நான், என் தப்பைத் திருத்த எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

படத்தையும் பிள்ளைகள் அதற்கு நிரப்பிய தாள்களையும் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை கடைசிக் கேள்வியைத் தாண்டவில்லை. இருபத்தெட்டுப் பேரும் ஒரே விடைதான், 'சாரோட பொண்ணுக்காக.' காப்பியடித்தார்களோ என்று விசாரித்துப் பார்த்தேன், இல்லையாம்.

நூறு வயது சிரித்துக்கொண்டு இரு. திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் மணிக்கொரு தரம் ஜன்னலுக்கு வெளியே பார். படத்துக்கு மதிப்பெண் போட்டு அனுப்ப மறக்காதே, அப்பாவாயிற்றே என்று தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
செருப்பு நடிகரும் கேமராமேனுமாகிய
உன் அப்பா